கனவுக்கன்னி என்பதும் ஒரு சாதிப் பெயர்தான்

தியாகராய நகர் பாண்டி பஜாருக்குத் துணி எடுக்கப் போகிறவர்களிடம், ‘ராஜகுமாரி தியேட்டர் எங்கே இருந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள் நின்று யோசித்து, கடைகள் அடுக்கிய ஒரு கட்டடத்தைக் கை காட்டுவார்கள். இளைஞர்கள், ‘எந்த ராஜகுமாரி?’ என்று திருப்பிக் கேட்பார்கள்.

டி.ஆர். ராஜகுமாரி. தஞ்சாவூரில் 1922இல் ராஜாயியாகப் பிறந்தவர். ‘ஹரிதாஸ்’, ‘சந்திரலேகா’, ‘மனோகரா’ ஆகிய படங்களில் நடித்தவர். சொந்தப் படநிறுவனம் நடத்தியவர். சொந்தமாகத் தியேட்டர் கட்டிய முதல் தமிழ் நடிகை. 1999 செப்டம்பரில் இறந்தார். அவரைப் பற்றி ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஒரு பத்திரிகையில் ஒரு பக்கக் கட்டுரை வந்துவிடுகிறது. தலைப்பை நாங்கள் பார்க்காமலே சொல்லிவிடுவோம்: தமிழ் சினிமாவின் முதல் கனவுக்கன்னி.

கட்டுரையும் எங்களுக்கு மனப்பாடம். அவர் கண்கள், அவர் பார்வை, ‘ஹரிதாஸ்’ பாட்டில் அவர் பறக்கவிட்ட முத்தம். பிறகு, கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்ற பெருமூச்சு. கடைசிப் பத்தியில், தி.நகரில் ஒரு தியேட்டரும் கட்டினார் என்று போகிறபோக்கில் ஒரு வரி. எண்பது ஆண்டுகளாக இதே கட்டுரைதான். எழுதுகிறவர்கள் மட்டும் மாறுகிறார்கள்.

இந்தப் பக்கத்தில் சினிமா நினைவலைகள் எழுதுவது எங்கள் வேலை இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் முப்பது ஆண்டு உழைப்பை ஒரே ஒரு சொல்லுக்குள் போட்டுப் பூட்ட முடிகிறது என்றால், அந்தப் பூட்டைச் செய்தது யார் என்று கேட்கவேண்டியிருக்கிறது. சாதிதான் செய்தது என்பது எங்கள் பதில். இது பிடிக்காதவர்கள் கடைசிவரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

ஒரே ஊற்று, இரண்டு பெயர்கள்

எம்.எஸ். சுப்புலட்சுமி 1916இல் மதுரையில் பிறந்தார். தாயார் சண்முகவடிவு, வீணைக் கலைஞர். ராஜகுமாரியின் பாட்டி தஞ்சை குஜலாம்பாள், பாடகி. இருவருமே கோயிலோடும் கச்சேரியோடும் பிணைந்திருந்த, பிற்காலத்தில் இசை வேளாளர் என்று பெயர் சூட்டிக்கொண்ட சமூகத்தின் பெண்கள். இருவர் பெயரின் முன்னெழுத்துகளையும் பாருங்கள். எம் என்பது மதுரை, எஸ் என்பது சண்முகவடிவு. டி என்பது தஞ்சாவூர், ஆர் என்பது தாய் ரங்கநாயகி. அம்மா பெயரை முன்னெழுத்தாகப் போட்டால் இன்றைக்கும் பள்ளிக்கூட வாசலில் ஏற இறங்கப் பார்க்கிற ஊர் இது. அந்தப் பெண்கள் அதை இசைத்தட்டிலும் திரையிலும் போட்டுக்கொண்டார்கள்.

இருவரையும் சினிமாவில் நிலைநிறுத்தியவர் ஒரே இயக்குநர், கே. சுப்ரமணியம். எம்.எஸ்ஸுக்கு 1938இல் ‘சேவாசதனம்’. ராஜகுமாரிக்கு 1941இல் ‘கச்ச தேவயானி’. ஊற்று ஒன்று, தொழில் ஒன்று, வாசல் ஒன்று, காலமும் ஒன்று. இங்கிருந்து இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த இடங்களைப் பாருங்கள். ஒருவர் தெய்வம். இன்னொருவர் கனவுக்கன்னி. நடுவில் என்ன நடந்தது?

எம்.எஸ்ஸுக்கு 1940இல் டி. சதாசிவத்துடன் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு சதாசிவமும் ஆனந்த விகடனிலிருந்து வெளியே வந்த கிருஷ்ணமூர்த்தியும் சேர்ந்து ‘கல்கி’ பத்திரிகையைத் தொடங்கினார்கள். அதற்குப் பணம் தேவைப்பட்டது. எம்.எஸ். ‘சாவித்திரி’ படத்தில் நாரதர் வேடம் போட்டுச் சம்பாதித்த பணம் பத்திரிகைக்குப் போனது. இதை அவரைக் கொண்டாடுகிறவர்களே பெருமையாகச் சொல்வதுண்டு. நாங்கள் வேறு கோணத்தில் பார்க்கிறோம். ஒரு நடிகையின் கூலியில் ஒரு பத்திரிகை பிறக்கிறது. அந்தப் பத்திரிகை வளர்ந்த உலகம், அந்த நடிகையை நடிகை அல்லாதவராக எழுதத் தொடங்குகிறது. 1945இல் ‘மீரா’ வருகிறது. அதோடு சினிமா முடிகிறது. அப்புறம் பட்டுப்புடவை, வைரமூக்குத்தி, நெற்றிப் பொட்டு, கணவரின் சொல் மீறாத இல்லத்தரசி. மதுரைச் சண்முகவடிவின் மகள் மயிலாப்பூர் மாமியாக ஆன கதை அது.

எம்.எஸ்ஸின் இசையை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் குரலுக்கு எந்த சாதியின் சிபாரிசும் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்தக் குரலை வணங்குவதற்கு மயிலாப்பூருக்கு ஒரு சிபாரிசு வேண்டியிருந்தது. குரலைத் தாயிடமிருந்து பெற்றவர், மரியாதையைக் கணவர் வீட்டிலிருந்து பெறவேண்டியிருந்தது. மியூசிக் அகாடமி 1968இல் சங்கீத கலாநிதி பட்டம் கொடுத்தது, அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1998இல் பாரத ரத்னா, அதைப் பெற்ற முதல் இசைக் கலைஞரும் அவரே. பட்டங்களை எண்ணிச் சொல்கிறவர்கள் சண்முகவடிவின் பெயரை மட்டும் மெல்லிய குரலில் சொல்கிறார்கள்.

இந்த மாற்றத்தைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2015இல் எழுதினார். 2024இல் அவருக்குச் சங்கீத கலாநிதி அறிவிக்கப்பட்டபோது எம்.எஸ். பெயரிலான விருதை அவருக்குத் தரக்கூடாது என்று எம்.எஸ்ஸின் பேரன் வழக்குத் தொடர்ந்தார். அது உச்சநீதிமன்றம்வரை போனது. வழக்கின் சட்டப் பகுதியை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். வெளியே எழுந்த கூச்சலைத்தான் நாங்கள் கவனித்தோம். ‘அம்மாவை அவமானப்படுத்திவிட்டான்’ என்றார்கள். பிறந்த இடத்தைச் சொல்வது எப்படி ஐயா அவமானம் ஆகும்? ஒரு பார்ப்பனக் கலைஞரின் வரலாற்றில் அக்ரஹாரத்தைக் குறிப்பிட்டால் அது பாரம்பரியம். தேவதாசித் தாயின் வீட்டைக் குறிப்பிட்டால் அது அவதூறு. அவமானம் என்று கூவியவர்கள்தான் அவர் தாயை அவமானம் என்று முடிவு செய்தவர்கள்.

ராஜகுமாரிக்கு அந்தச் சிபாரிசு கிடைக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. யார் வீட்டுக்குள்ளும் மருமகளாகப் போகாமல், தன் காலில் நின்று, தம்பி குடும்பத்தையும் தூக்கிப்பிடித்துச் சம்பாதித்தார். அதற்குப் பத்திரிகைகள் கொடுத்த பட்டம்தான் கனவுக்கன்னி. யாருடைய கனவு? சுத்தமானவள் என்று சொல்லிக்கொள்ளச் சாதி இந்து வீட்டுப் பெண் இருக்கிறாள். பார்த்துப் பெருமூச்சு விட ஒருத்தி வேண்டும். அவள் அந்த வீட்டுப் பெண்ணாக இருக்கக்கூடாது. அந்த இடத்துக்கான பெயர் அது. எம்.எஸ்ஸைத் தெய்வம் ஆக்கிய கையும் ராஜகுமாரியைக் கனவு ஆக்கிய கையும் வேறு வேறு அல்ல.

ரம்பையும் வசந்தசேனையும்

அவருக்குக் கொடுக்கப்பட்ட வேடங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ‘ஹரிதாஸ்’ 1944 தீபாவளிக்கு வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதில் வசந்தகோகிலம் குடும்பத்து மனைவி. ராஜகுமாரி, நல்ல குடும்பத்தைக் கெடுக்க வருகிற தாசி ரம்பா. பத்து ஆண்டு கழித்து 1954இல் ‘மனோகரா’. அதில் கண்ணாம்பா கற்புக்கரசியான தாய். ராஜகுமாரி, அரசனை மயக்கி நாட்டைக் கெடுக்கிற வசந்தசேனை.

முதல் படம் பக்திப்படம். இரண்டாவது படம் திராவிட இயக்கத்தின் நெருப்பு வசனம், மு. கருணாநிதி எழுதியது. பக்திக்காரர்களுக்கும் பகுத்தறிவுக்காரர்களுக்கும் ஆயிரம் சண்டை இருந்தது. தாசியைக் கெட்டவளாக நிறுத்தி, குடும்பப்பெண்ணை நல்லவளாக நிறுத்துவதில் மட்டும் சண்டையே இல்லை. அந்தக் கெட்டவள் வேடத்தை, அந்தச் சமூகத்திலிருந்தே வந்த ஒரு பெண்ணின் உடம்பில் மாட்டிவிடுவதிலும் சண்டை இல்லை. இன்றைக்கும் அரசியலில் ஒரு பெண்ணைப் பிடிக்காவிட்டால் வசந்தசேனை என்று ஏசுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஏச்சுக்கு முகம் கொடுத்தவர் ராஜகுமாரி. வசனம் எழுதியவருக்குப் புகழ். வீர வசனம் பேசியவருக்கு மணிமண்டபம். ஏச்சு மட்டும் அவருக்கு.

சினிமாவில் வில்லி வேடம் போடுவது தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. வில்லியாக அவர் அற்புதமாக நடித்தார். பிரச்சினை, பத்திரிகைகள் வேடத்துக்கும் ஆளுக்கும் நடுவே இருந்த கோட்டை அழித்தது. நம்பியார் காலமெல்லாம் வில்லனாக நடித்தார். அவர் சபரிமலை குருசாமி என்பதை எழுதாத பத்திரிகை உண்டா? வில்லனுக்குள்ளே இருக்கும் நல்ல மனிதரைத் தேடிப்போய் எழுதினார்கள். ரம்பாவுக்குள்ளே இருந்த தொழில்காரியை யாரும் தேடவில்லை. ஏனென்றால் அவர் ரம்பாவாகவே இருக்கவேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

பேனாவை யார் வைத்திருந்தார்கள்?

‘ஹரிதாஸ்’ ஓடத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. 1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டார், மறுநாள் இறந்தார். முதலில் ‘சினிமா தூது’, பிறகு ‘இந்து நேசன்’ என்று பத்திரிகை நடத்தி, நடிகர் நடிகைகளின் படுக்கையறையை எழுதி விற்றவர் அவர். எழுதாமல் இருப்பதற்கும் காசு வாங்கினார் என்பார்கள். தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள், தண்டனை பெற்றார்கள், லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1947இல் விடுதலை ஆனார்கள்.

இந்த வழக்கைப் பற்றி எத்தனை புத்தகம், எத்தனை தொடர், எத்தனை யூடியூப் காணொளி! எல்லாவற்றிலும் கதை ஒன்றே: இரண்டு மாபெரும் கலைஞர்களின் வீழ்ச்சி. அந்த வீழ்ச்சி உண்மைதான், எங்களுக்கும் வருத்தம்தான். கலைவாணர் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. தி.நகரில் அவருக்குச் சிலை இருக்கிறது, 1969 ஜனவரியில் அண்ணா திறந்து வைத்தது. இருக்கட்டும். ஆனால் ஒரு கேள்வி. வாரம் தவறாமல் அந்தப் பத்திரிகைகள் யாருடைய உடம்பை எழுதிக் காசு பார்த்தன? நடிகைகளுடைய உடம்பை. அந்தப் பெண்கள் எந்த வழக்கில் சாட்சி? எந்த வரலாற்றில் பாதிக்கப்பட்டவர்கள்? வழக்கில் ஆண்களின் மானம் விசாரிக்கப்பட்டது. நடிகைகளுக்கு மானம் என்று ஒன்று இருப்பதாகவே அந்த ஊர் கணக்கில் வைக்கவில்லை. ‘அவர்கள் குலத்துக்கு இது சகஜம்தானே’ என்பது எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்த வாக்கியம்.

மஞ்சள் பத்திரிகை ஒரு பக்கம் என்றால், மரியாதைக்குரிய பத்திரிகை இன்னொரு பக்கம். ஆனந்த விகடனை 1928இல் எஸ்.எஸ். வாசன் வாங்கினார். அவரே 1940இல் ஜெமினி ஸ்டுடியோவையும் தொடங்கினார். பேனாவும் கேமராவும் ஒரே முதலாளி கையில். 1948இல் வந்த ‘சந்திரலேகா’வை இந்தியா முழுக்கக் கொண்டுபோய் விற்றார். பெரிய சாதனை. ஆனால் அந்தப் படம் எப்போதும் வாசனின் பிரம்மாண்டம் என்றே எழுதப்படுகிறது. அந்த முரசு நடனத்தில் மேலே நின்று ஆடிய கால்கள் யாருடையவை? தூணும் துணியும் முரசும் வாசனுக்குச் சொந்தம். நடனம், அதைத் தலைமுறை தலைமுறையாக உடம்பில் சுமந்து வந்த பெண்களுக்குச் சொந்தம். மூலதனத்துக்குப் பெயர் வைத்தார்கள், உழைப்புக்கு அழகு என்று பெயர் வைத்தார்கள்.

அடையாறும் மயிலாப்பூரும் தி.நகரும்

சென்னையின் தென்பகுதி வரைபடத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடங்கள், எல்லாம் ஒரு பஸ் பயணத் தூரம்.

மயிலாப்பூரை ஒட்டிய சபா உலகம். 1931இல் கல்யாணி மகள்களின் ஆட்டத்தை மியூசிக் அகாடமி மேடை ஏற்றியது. அடுத்த ஆண்டே சதிர் என்ற பெயரை விட்டு பரதநாட்டியம் என்ற பெயரை அகாடமி எடுத்துக்கொண்டது. அடையாறு: 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் விழாவில் ருக்மிணி தேவி ஆடினார், 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. ஆட்டத்தில் இருந்த சிருங்காரம் அசிங்கம் என்று கழுவப்பட்டது. அந்தக் கழுவலை எதிர்த்து, சிருங்காரமே இந்தக் கலையின் உயிர் என்று நின்றவர் பாலசரஸ்வதி, அந்தப் பரம்பரையின் மகள். 1947இல் சட்டம் கோயிலில் பொட்டுக்கட்டுவதைத் தடை செய்தது. மூன்றாவது இடம் தி.நகர். கலையையும் கோயிலையும் இழந்த பெண்கள் பிழைக்க வந்து சேர்ந்த சினிமாக்காரர்களின் பேட்டை.

பொட்டுக்கட்டுவதை ஒழித்தது சரி. இதில் எங்களுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் அந்தச் சமூகத்து ரத்தத்தோடு பிறந்தே அதற்காகப் போராடினார்கள். அடையாறில் இருக்கிற அவ்வை இல்லம் முத்துலட்சுமி அம்மையாரின் கொடை. பாபாசாகேப் அம்பேத்கர் 1936 ஜூனில் பம்பாய் பரேலில் தேவதாசிகளையும் முரளிகளையும் கூட்டி வைத்துப் பேசினார். இந்த வாழ்க்கையை விட்டு வெளியே வாருங்கள் என்று கடுமையாகவே சொன்னார். அந்தக் கடுமையைப் பெண்ணியத் தோழர்கள் விமர்சித்திருக்கிறார்கள், அதையும் நாங்கள் காது கொடுத்துக் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அம்பேத்கர் அந்தப் பெண்களை இழிவிலிருந்து வெளியே வரச் சொன்னார். அவர்கள் வெளியே வந்த பிறகு அவர்கள் வீட்டுக்குள் புகுந்து சலங்கையை எடுத்துத் தன் மகளுக்குக் கட்டச் சொல்லவில்லை. சென்னையில் நடந்தது அதுதான். பெண்ணை விலக்கினார்கள், கலையை வைத்துக்கொண்டார்கள்.

அடையாறில் ஆடினால் அது தவம். அதே கால்கள் தி.நகர் ஸ்டுடியோவில் ஆடினால் அது கவர்ச்சி. இந்த இலக்கணத்தை மக்களுக்குக் கற்றுக்கொடுத்தது பத்திரிகை.

‘உங்களுக்கு ஏன் இந்த அக்கறை?’

எங்கள் தோழர்களே கேட்பார்கள். கேட்கட்டும். இசை வேளாளர் தலித் அல்ல. தஞ்சை மாவட்டத்துக் கோயில் தெருக்களில் நாகஸ்வரம் வாசித்தவர்களுக்கு வீதி இருந்தது. எங்கள் பறைக்கு அந்த வீதியில் நுழைய அனுமதி இல்லை. எங்களிடம் தீண்டாமை காட்டிய வீடுகள் அந்தச் சமூகத்திலும் உண்டு. இதை மறைத்துவிட்டு ‘எல்லாரும் ஒடுக்கப்பட்டவர்கள்தானே’ என்று கைகோத்து நிற்கிற பசப்பு எங்களுக்குத் தெரியாது.

ஆனாலும் எழுதுகிறோம். காரணம் ஒன்று: சாதியின் ஏணியை மேலிருந்து மட்டும் பார்த்தால் புரியாது. மூன்று பெண்களை அடுத்தடுத்து நிறுத்திப் பாருங்கள். கணவர் வீட்டு மரியாதையால் எம்.எஸ். தெய்வம் ஆனார். அது இல்லாத ராஜகுமாரி கனவு ஆனார். மூன்றாவது பெண் பி.கே. ரோஸி.

திருவனந்தபுரத்தைச் சேர்ந்த புலையர் சமூகப் பெண். காக்காரிசி நாடகத்தில் நடித்தவர். மலையாளத்தின் முதல் படமான ‘விகதகுமாரன்’ படத்தின் நாயகி. எடுத்தவர் ஜே.சி. டேனியல், நம் அகஸ்தீஸ்வரத்துக்காரர். படம் வந்த ஆண்டை 1928 என்றும் 1930 என்றும் சொல்வார்கள். ஒரு புலைப்பெண் நாயர் பெண்ணாகத் திரையில் வந்தாள் என்பதற்காகச் சாதி இந்துக்கள் திரையை நோக்கிக் கல்லெறிந்தார்கள். அவர் வீட்டைத் தீ வைத்தார்கள். அவர் ஒரு லாரியில் ஏறி இந்தப் பக்கம் ஓடிவந்தார். நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் யாருக்கும் தெரியாமல் வாழ்ந்து முடித்தார். படச்சுருளும் இல்லை.

தெய்வம், கனவு, கல்லெறி. ஏணியின் மூன்று படிகள் இவை. மேல்படியில் இருந்தவருக்கு வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டது. நடுப்படியில் இருந்தவருக்குத் துணுக்கு எழுதப்பட்டது. எங்கள் படியில் இருந்தவருக்குச் செய்திகூட எழுதப்படவில்லை. பத்திரிகைகள் ரோஸியைக் கண்டுபிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. 2023 பிப்ரவரியில் கூகுள் தன் முகப்பில் அவர் படத்தை வரைந்தபோது தமிழ்ப் பத்திரிகைகளும் விழித்துக்கொண்டன. அதற்கு முன்பே அவர் பெயரைத் தூக்கிப்பிடித்தது கேரளத்தில் தலித் எழுத்தாளர்களும் பெண் கலைஞர்களும். இங்கே நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் சென்னையில் திரைப்பட விழாவே நடத்துகிறது. பெரிய பத்திரிகைகள் செய்யாததைச் சிறிய கைகள் செய்தன.

காரணம் இரண்டு: பொட்டுக்கட்டுவது 1947இல் முடிந்துவிட்டதாக மயிலாப்பூர் நினைத்துக்கொண்டிருக்கிறது. திருவள்ளூர், வேலூர் பக்கம் அருந்ததியர் வீட்டுப் பெண் குழந்தைகளை மாத்தம்மாவுக்கு நேர்ந்துவிடுவது பற்றி 2017இல் செய்தி வந்தது, தேசிய மனித உரிமை ஆணையம் தமிழக, ஆந்திர அரசுகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சில வாரங்கள் பரபரப்பு. அப்புறம் மறந்தாகிவிட்டது. தேவதாசி என்றதும் சலங்கையும் ஜாவளியும் நினைவுக்கு வருகிற நகரத்துக்கு, மாத்தம்மாவுக்கு நேர்ந்துவிட்ட சிறுமி நினைவுக்கு வருவதில்லை. அவளிடமிருந்து எடுத்துக்கொள்ள சபாவுக்கு ஒன்றும் இல்லை. எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிற பெண்ணைப் பற்றித்தான் இந்த ஊர் பேசும்.

முதலாளி ராஜகுமாரி

இனி, அந்த ஒரு பக்கக் கட்டுரையில் ஒரு வரியாகப் போய்விடுகிற விஷயத்துக்கு வருவோம்.

ராஜகுமாரியும் தம்பி டி.ஆர். ராமண்ணாவும் ஆர்.ஆர். பிக்சர்ஸ் நடத்தினார்கள். 1954இல் ‘கூண்டுக்கிளி’ எடுத்தார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடித்த ஒரே படம் அது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எத்தனையோ பெரிய முதலாளிகளால் முடியாததை இந்த அக்காவும் தம்பியும் செய்தார்கள். படம் ஓடவில்லை. அடுத்த ஆண்டே எம்.ஜி.ஆரை வைத்து ‘குலேபகாவலி’ எடுத்து மீண்டு வந்தார்கள், அது ஓடோ ஓடு என்று ஓடியது. விழுந்து எழுந்த ஒரு தொழில்முனைவோரின் கதை இது. ஒரு ஆண் செய்திருந்தால் எத்தனை மேலாண்மைப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள்!

‘கூண்டுக்கிளி’யில் நடித்த இருவரும் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். எம்.ஜி.ஆருக்குத் தி.நகர் ஆற்காடு தெருவில் நினைவு இல்லம். சிவாஜிக்கு அதே தி.நகரில் அவர் பெயரில் சாலை, அடையாறில் 2017இல் திறந்த மணிமண்டபம். இருவரையும் ஒரு படத்துக்குள் கொண்டுவந்த வீட்டின் பெண்ணுக்குத் தி.நகரில் என்ன இருக்கிறது? ஒரு தியேட்டர் இருந்தது. அரசு கட்டிக்கொடுத்தது அல்ல, ரசிகர்கள் வசூலித்தது அல்ல. தானே ஆடி, தானே பாடி, தானே சம்பாதித்துக் கட்டியது. அதுவும் போய்விட்டது.

தியேட்டர் என்பது சாதாரண விஷயம் இல்லை. தமிழர்கள் சாதி பார்க்காமல் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகைதான் என்று பேராசிரியர் கா. சிவத்தம்பி எழுதியிருக்கிறார். கோயிலில் இடம் இல்லை, சபாவில் இடம் இல்லை. தியேட்டரில் காசு கொடுத்தால் சீட்டு. தரை டிக்கெட்டோ பெஞ்சு டிக்கெட்டோ, எங்கள் தாத்தா பாட்டிகள் தலைநிமிர்ந்து நுழைந்த வாசல் அது. அப்படி ஒரு வாசலை, கோயில் வாசலிலிருந்து விலக்கப்பட்ட ஒரு பரம்பரையின் பெண் தி.நகர் கடைவீதியில் கட்டி, அதற்குத் தன் பெயரையே வைத்தாள். இதைவிடப் பெரிய செய்தி அந்தக் காலத்தில் என்ன இருந்திருக்கும்? ஆனால் எழுதினது பறக்கும் முத்தத்தைப் பற்றி.

‘விட்டுத்தள்ளுங்கள், பழைய கதை’ என்பவர்களுக்கு

பழைய கதை இல்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதன் ஞாயிறு மாலைப் படங்களில்தான் எங்கள் தலைமுறை ராஜகுமாரியைப் பார்த்தது. பெட்டி வைத்திருந்த வீட்டின் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தவர்களும் எங்களில் உண்டு. இன்று எங்கள் குடியிருப்புப் பெண்கள் தொலைக்காட்சித் தொடர்களிலும் யூடியூப் குறும்படங்களிலும் நடிக்கப் போகிறார்கள். கறுப்பான பெண் கிடைத்தால் வேலைக்காரி வேடம், குப்பத்துப் பெண் வேடம். வெள்ளைத் தோலுக்குக் கறுப்புச் சாயம் பூசிக் குப்பத்துப் பெண் வேடம் போடுவதும் உண்டு. அந்தப் பெண்களைப் பற்றி நாளை என்ன எழுதப்போகிறார்கள் என்பது இந்தப் பழைய கதையில் இருக்கிறது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ நடத்தினார். விகடனுக்கும் கல்கிக்கும் முன்பே எங்களுக்கு அச்சும் பேனாவும் இருந்தன. அடுத்தவர் பேனா எங்களை எப்படி எழுதும் என்று தெரிந்ததால்தான் அவர் சொந்தமாகப் பேனா எடுத்தார். அந்தப் பாடத்தை நாங்கள் மறக்கவில்லை.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் எளிமையானவை.

பாண்டி பஜாரில், தியேட்டர் இருந்த இடத்தில் மாநகராட்சி ஒரு பலகை வைக்கட்டும். அதில் ‘கனவுக்கன்னி’ வேண்டாம். ‘நடிகர், தயாரிப்பாளர், திரையரங்க உரிமையாளர் டி.ஆர். ராஜகுமாரி’ என்று இருந்தால் போதும்.

அடுத்த தடவை அவரைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காரும் பத்திரிகை நண்பர்களே, அவர் ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்பதை விட்டுவிடுங்கள். படத்துக்குப் பணம் எப்படிப் புரட்டினார், தியேட்டர் எப்படிக் கட்டினார், யாரிடம் கணக்குப் பார்த்தார் என்று கேட்டு எழுதுங்கள்.

எம்.எஸ்ஸைப் பற்றி எழுதும்போது சண்முகவடிவின் பெயரைச் சத்தமாக எழுதுங்கள். மகளின் பெயரில் தாய் இருக்கிறாள், வேறு எங்கும் தேடவேண்டியதில்லை.

ரோஸியைப் பற்றி எழுதும்போது கல்லெறிபட்டவர் என்பதோடு நிறுத்தாதீர்கள். அவர் நடித்தவர். கல் எறிந்தவர்களுக்குச் சாதி இருந்தது, அதையும் எழுதுங்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு, ராஜகுமாரி அழகாக இருந்தார் என்றும் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் ஆட்சேபிக்க மாட்டோம். அழகாகத்தான் இருந்தார்.